அயலார் நிலத்தில் நம் வழி



சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வழக்கறிஞரை அழைக்காமல், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனை அழைத்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். நான் சட்டக் கல்லூரியில் பயின்றவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்றவன். ஆயினும் சொத்துரிமைச் சட்டத்தின் ஒரு சிறு பகுதியை நூல்களைப் படித்து அல்ல, ஒரு முட்படலின் முன் நின்று கற்றுக்கொள்ள நேர்ந்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது எங்கள் பயிற்சிக் காலத்தில் முதலில் சொல்லித் தரப்பட்ட பாடம். ஆகவே அந்த முட்படலிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒரு சிற்றூரின் வட எல்லையில் இருந்தது. பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தெற்கே, வயல்களுக்கு அப்பாலுள்ள குடியிருப்பிலிருந்து வருவார்கள். பள்ளிக்கும் அக்குடியிருப்புக்கும் இடையில் ஒருவருக்குச் சொந்தமான புன்செய் நிலம் இருந்தது. அதன் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் வழியே வந்தால் பத்து நிமிட நடை. அதை விட்டால், தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அச்சாலையில் லாரிகள் ஓயாமல் ஓடும். ஐப்பசி மழையில் வாய்க்கால் பாலத்தின்மேல் தண்ணீர் புரளும்.

2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், அந்தப் பாதையின் இரு முனைகளிலும் முட்படல் கட்டப்பட்டிருந்தது. நிலத்தின் பெரியவர் முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். நிலம் மகன் கைக்கு வந்திருந்தது. அன்று சிறு பிள்ளைகள் பலர் வரவில்லை. அடுத்த வாரம், தங்கையரைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்ப மனமின்றி, மூத்த பெண்களையும் சில பெற்றோர் நிறுத்திக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே நாள்தோறும் குறுக்குக் கோடு இட்டுக்கொண்டு வந்த எனக்குப் பொறுக்கவில்லை.

‘இருபது ஆண்டுகள் ஒருவர் நிலத்தில் நடந்தால் அந்த வழி நமக்கு உரிமையாகிவிடும்’ என்று எங்கோ கேட்டிருந்தேன். பிள்ளைகள் அந்தப் பாதையில் 1974 முதல் நடக்கிறார்கள். அதாவது 27 ஆண்டுகள். போதாதா? உடனே நிலத்துக்காரருக்குக் கடுமையான கடிதம் ஒன்று எழுதினேன். ‘இவ்வழி எங்கள் உரிமை, படலை அகற்றாவிடில் நீதிமன்றம் செல்வோம்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. பின்னர், செய்ய வேண்டியதை முன்னர்ச் செய்யாமல் விட்டவன் போல, தாலுகா ஊரிலிருந்த முதிய வழக்கறிஞர் ஒருவரைக் காணச் சென்றேன். அவர் எனக்கு நடத்திய பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

“சார், உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார் அவர். படித்ததில்லை. நான்கெல்லை, நீள அகலம் ஆகியவற்றைக் குறித்தபின், ‘மாமூல் வழிநடை, வண்டிப்பாட்டை, நீர்ப்பாய்ச்சல் பாத்தியங்கள் உட்பட’ என்று ஒரு வரி பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். அந்த வரியில் சொல்லப்படும் பாத்தியங்களில் பெரும்பாலானவை நம் எல்லைக்கு வெளியே, பிறர் நிலத்தில் நமக்குள்ள உரிமைகள். இவற்றைத்தான் சட்டம் வசதியுரிமை என்கிறது. நீதிமன்ற வழக்கில் ஈஸ்மென்ட் என்றும் சொல்வார்கள்.

நம் நாட்டில் இதற்கென ஒரு தனிச்சட்டம் உண்டு. 1882-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமான இந்திய வசதியுரிமைச் சட்டமே அது. அதை வரைந்தவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற அயர்லாந்துக்காரர். அரசுச் சட்ட உறுப்பினராக இருந்துகொண்டே தம் நாட்டின் பழைய கெல்டிய மொழிகளை ஆராய்ந்த பேரறிஞர். 1882 ஜூலை 1-ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முதன்முதலில் அதை ஏற்ற பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. இன்றும் நம் ஊர்களின் வழித் தகராறுகளை அச்சட்டமே தீர்த்து வைக்கிறது.

அதன் 4-ஆவது பிரிவு வசதியுரிமைக்கு இலக்கணம் கூறுகிறது. ஒரு நிலத்தின் உடையவரோ, அதில் இருப்பவரோ, அந்த நிலத்தை நன்கு பயன்கொள்ளும் பொருட்டு, தமக்குச் சொந்தமல்லாத வேறொரு நிலத்தில் ஒன்றைச் செய்வதற்கோ, அங்கே ஒன்று செய்யப்படாமல் தடுப்பதற்கோ பெற்றிருக்கும் உரிமையே வசதியுரிமை. இதில் இரண்டு நிலங்கள் வருவதைக் கவனியுங்கள். ஒன்று பயன் பெறும் நிலம். மற்றொன்று சுமை தாங்கும் நிலம். இரண்டுக்கும் உடையவர் வேறு வேறாக இருக்க வேண்டும். தன் நிலத்தில் தான் நடப்பதற்கு எவருக்கும் வசதியுரிமை வேண்டியதில்லை.

பழைய பாட்டைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் பார்த்திருக்கலாம். தலைச்சுமையோடு வருபவர் அதன்மீது சுமையை இறக்கி இளைப்பாறுவார். பின் எடுத்துக்கொண்டு போவார். கல்லை அவர் எடுத்துச் செல்வதில்லை. வசதியுரிமையும் அத்தகையது. சுமை தாங்கும் நிலம் அதன் சொந்தக்காரருக்கே உரியது. அங்கே உழலாம், விதைக்கலாம், விற்கலாம். வழியை மட்டும் மறிக்கலாகாது.

இந்த எண்ணம் மிகப் பழைமையானது. உரோமர் இதனைச் செர்விடூஸ் என்றனர். ஊழியம் என்னும் பொருளைத் தரும் சொல் அது. மனிதன் மனிதனுக்குச் செய்யும் ஊழியம் அன்று. நிலம் நிலத்திற்குச் செய்யும் ஊழியம். மனிதர் நடந்து செல்லும் உரிமை, கால்நடைகளை ஓட்டிச் செல்லும் உரிமை, வண்டி போகும் வழியுரிமை என்று அவர்கள் தனித்தனியே வகுத்தனர். இறவாரத்து மழைநீர் அடுத்த மனையில் சொட்டுவதற்குக் கூட ஓர் உரிமையை வகுத்தனர். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர்களுடைய பன்னிரு பலகைச் சட்டத்தில், வண்டிவழி நேரான இடத்தில் 8 அடியும், திரும்பும் இடத்தில் 16 அடியும் அகலம் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தனர். முடக்கில் வண்டியைத் திருப்பிப் பார்த்த எவருக்கும் அந்த இரட்டிப்பு அகலத்தின் காரணம் விளங்கும்.

நிலம் நிலத்திற்குச் செய்யும் ஊழியம் என்பதிலிருந்து சில முடிவுகள் தாமே பிறக்கின்றன. முதலாவது, இந்த உரிமை ஆளோடு செல்வதில்லை; நிலத்தோடு செல்கிறது. நிலத்தை விற்றால் வாங்குபவருக்கு அதுவும் சேர்கிறது. நிலத்தை வைத்துக்கொண்டு வழியுரிமையை மட்டும் மூன்றாம் ஆளுக்கு விற்க இயலாது. இரண்டாவது, உரிமையுடையவர் தம் உரிமையை, மற்றவருக்கு எவ்வளவு குறைந்த தொல்லை தர இயலுமோ அவ்வளவு குறைந்த தொல்லையுடன் செலுத்த வேண்டும். நமக்குக் குறைவு நேராதவரை, நிலத்துக்காரர் ஓர் ஓரத்தைக் காட்டி ‘இதன்மேலேயே போங்கள்’ என்று கேட்டால், அவ்வாறே போக வேண்டும். மூன்றாவது, சுமை தாங்குபவர் தம் பணத்தைச் செலவிட்டு நம் வழியைச் செப்பனிட வேண்டியதில்லை. செப்பனிடுவது நம் பொறுப்பு. அதற்காக உள்ளே செல்லும் உரிமையும் நமக்கு உண்டு.

இனி, இந்த உரிமை எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். முக்கியமாக நான்கு வழிகள்.

முதல் வழி, உடையவர் தாமே எழுதிக் கொடுப்பது. இதுவே நேரானது, பிற்காலத்தில் சண்டைக்கு இடம் வைக்காதது. வழி, வெளிச்சம் ஆகியவற்றுக்கான உரிமைகளையும் அசையாச் சொத்து என்றே 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கருதுகிறது. ஆதலால் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள உரிமையைப் பத்திரத்தால் அளிக்கும்போது அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, இன்றியமையாமை. ஒருவர் தம் நிலத்தின் உட்பகுதியை விற்கிறார். முன்பகுதியைக் கடந்தாலன்றி அதற்குப் போக முடியாது. பத்திரத்தில் வழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்போது சட்டம், ‘வழியில்லாத நிலத்தை எவரும் விற்கவோ வாங்கவோ எண்ணியிருக்கமாட்டார்’ என்று கொண்டு, வழியைத் தானே படைக்கிறது. சகோதரர் பாகம் பிரித்துக்கொள்ளும்போதும் இதே நியாயம்தான். ஆனால், இரு நிலங்களும் முன்பு ஒரே கையில் இருந்து பிரிந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லாதிருக்கவும் வேண்டும். வேறு வழி தொலைவானது, மேடுபள்ளமானது என்பது போதாது. அந்த இன்றியமையாமை என்று தீர்கிறதோ, அன்றே இவ்வுரிமையும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ஊர் வழக்கம். 18-ஆவது பிரிவு இதை ஏற்கிறது. ஊர்ப் பொது மேய்ச்சலில் கால்நடை மேய்க்கும் பழக்கம், அடுத்த வீட்டு முற்றத்தின் மறைவைக் குலைக்கும்படி புதுச் சன்னல் திறக்கலாகாது என்னும் பழக்கம் ஆகியவற்றையே அச்சட்டம் எடுத்துக்காட்டுகளாகக் கூறுகிறது.

நான்காவதுதான் நான் வழக்கறிஞரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன வழி. அதாவது, நீண்டகால அனுபவம். 15-ஆவது பிரிவின்படி, ஒரு வழியை ஒருவர் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையென்ற நிலையில், இடையறாது 20 ஆண்டுகள் அனுபவித்துவந்தால் அது முழு உரிமையாகிவிடும். நிலம் அரசுக்குரியதாயின் 30 ஆண்டுகள். முன்பு 60 ஆண்டுகளாக இருந்ததை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அவ்வாறு குறைத்தது. சன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இத்தகைய உரிமை கிடைக்கும். ஆனால் கட்டடமில்லாத வெறும் மனைக்கு வெளிச்சம் வரவேண்டும் என்று இவ்வகையில் கேட்க முடியாது. நிலத்தடியில் வாய்க்காலாக ஓடாது ஊறும் நீருக்கும் இவ்வுரிமை இல்லை. உரிமை முதிர்ந்திருப்பினும், தடை ஏற்பட்டபின் வாளா இருந்துவிடலாகாது. 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும்.

“எங்களுக்கு 27 ஆண்டுகள் ஆகின்றனவே” என்றேன்.

“ஆண்டுகளை எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி. பிள்ளைகள் எப்படி நடந்தார்கள்?” என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. அவர் இங்கிலாந்தில் 1879-இல் தீர்ப்பான ஒரு வழக்கை எடுத்துச் சொன்னார். இலண்டனில் விக்மோர் தெருவில் இனிப்புப் பண்டம் செய்யும் பிரிட்ஜ்மன் என்பவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய உரல்களில் சரக்கை இடித்துவந்தார். பின்பக்கத்தில் இருந்த ஸ்டர்ஜஸ் என்ற மருத்துவர் தம் தோட்டத்தின் கோடியில் நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்று கட்டினார். அதன்பின் உரலின் ஓசையால் வேலை நடக்கவில்லை. மருத்துவர் வழக்குத் தொடுத்தார். ‘இருபது ஆண்டுகளாக இடிக்கிறேன், இது என் உரிமை’ என்றார் பண்டம் செய்பவர். நீதிமன்றம் மருத்துவர் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த அறை கட்டப்படும்வரை ஓசை எவருக்கும் இடையூறாக இல்லை. ஆதலால் முன்னர் மருத்துவர் தடுத்திருக்கவே இயலாது. தடுக்க இயலாத ஒன்றை ஒருவர் தடுக்கவில்லை என்பதால், அவர் அதற்கு இணங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

“பார்த்தீர்களா சார்? வெறும் காலத்தின் ஓட்டம் உரிமையைத் தருவதில்லை. தடுக்கக்கூடியவர், தடுக்க வேண்டிய செயலைக் கண்டும், தடுக்காமலே இருந்தார் என்பதுதான் உரிமையைத் தருகிறது. ஒருவர் அனுமதி கொடுத்து நீங்கள் நடந்திருந்தால், அங்கே தடுக்க வேண்டிய செயலே நிகழவில்லை. அனுமதி பெற்று நூறாண்டு நடந்தாலும் அது அனுமதியாகவே இருக்கும். பள்ளிக் கோப்புகளைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்” என்றார்.

கொண்டு சென்றேன். மாணவர்களே, அந்தக் கோப்பைப் புரட்டியபோது எனக்கு நேர்ந்த நாணத்தை இன்றும் மறக்க முடியவில்லை. 1974 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளியிலிருந்து அந்தப் பெரியவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. ‘சென்ற ஆண்டைப் போல் இவ்வாண்டும் நம் பிள்ளைகள் தங்கள் நிலத்தின் வழியே வந்துபோகத் தாங்கள் அன்புகூர்ந்து இசைவு தருமாறு வேண்டுகிறோம்’ என்பதே கடிதம். அதன் அடியிலேயே ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பெரியவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். எனக்கு முன்னிருந்த தலைமையாசிரியர் தொடங்கிய வழக்கம். 1996-இல் பொறுப்பேற்ற நானும், எழுத்தர் நீட்டிய தாள்களோடு தாளாக, ஐந்து ஆண்டுகள் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தேன்! ‘இவ்வழி எங்கள் உரிமை’ என்று எழுதிய அதே கைதான் அது.

வழக்கறிஞர் தாள்களைக் கட்டி என்னிடம் கொடுத்தார். “இதற்குப் பெயர் வசதியுரிமை அன்று, இது உரிமம். அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதை விளக்குகிறது. உரிமம் கொடுத்தவர், விதிவிலக்கான சில நிலைகள் தவிர, திரும்பப் பெறலாம். பெறும்போது வெளியேறத் தக்க அவகாசம் தரவேண்டும், அவ்வளவுதான். நிலம் கைமாறினால் புதியவரை அது கட்டுப்படுத்தாது. உங்களுக்கு இன்றியமையாமை வழியும் இல்லை. தார்ச்சாலை இருக்கிறது, இரு நிலங்களும் ஒருநாளும் ஒரே கையில் இருந்ததில்லை. வழக்குப் போட்டால் தோற்பீர்கள்” என்றார்.

நான் சினத்துடன், “இருபத்தேழு ஆண்டுகளாக நன்றி சொல்லி, பணிவாக நடந்தது குற்றமா? கேளாமல் நடந்தவனுக்கு வழி கிடைக்கும், கேட்டு நடந்தவனுக்குக் கிடைக்காதா? இது என்ன நியாயம்?” என்று கேட்டேன்.

அவர் சொன்ன விடைதான் எனக்கு இந்தச் சட்டத்தைக் காட்டிக் கொடுத்தது. “சார், அந்தப் பெரியவர் பக்கம் நின்று பாருங்கள். அன்பினால் ஒருவர் வழிவிட்டால், அந்த அன்பே நாளைக்கு அவருடைய நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றால், எவர்தாம் வழி விடுவார்? ஊரெங்கும் படல்தான் இருக்கும். அனுமதி உரிமையாக மாறாது என்று சட்டம் உறுதி சொல்வதனாலேதான் மனிதர் ஒருவருக்கொருவர் அச்சமின்றி உதவ முடிகிறது. நீங்கள் போய் அவர் மகனைப் பாருங்கள். நோட்டீசோடு போகாதீர்கள்.”

அன்று மாலையே சென்றேன். அந்த இளைஞர் எங்கள் பள்ளியிலேயே, எனக்கு முந்திய காலத்தில் படித்தவர். திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். ஆனால் முகத்தில் வருத்தம் இருந்தது. நான் எழுதிய கடிதத்தை எடுத்துவந்து முன்னே வைத்தார்.

“ஐயா, பிள்ளைகள் வழி நடப்பதில் எனக்கு என்ன கஷ்டம்? நானும் அந்தப் பாதையில் ஓடி வந்து படித்தவன்தான். ‘இருபது வருஷம் விட்டால் நிலம் போய்விடும், உடனே படல் கட்டு’ என்று உறவினர் ஒருவர் சொன்னார். பயந்துதான் கட்டினேன். கட்டிய பத்தாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அவர் சொன்னது சரிதான் என்று நினைத்துவிட்டேன். எங்கள் அப்பா அன்பாக விட்டதையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டீர்களே” என்றார்.

மாணவர்களே, நடந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டு என்னும் ஓர் அரைகுறைச் செய்தியை அவரும் கேட்டிருந்தார், நானும் கேட்டிருந்தேன். அது அவரைப் படல் கட்ட வைத்தது. என்னை மிரட்டல் கடிதம் எழுத வைத்தது. சட்டத்தின் மற்றப் பாதியை இருவரில் ஒருவர் அறிந்திருந்தாலும் பிள்ளைகள் அந்த ஒரு மாதம் தார்ச்சாலையில் நடந்திருக்கமாட்டார்கள்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய கோப்பைப் பிரித்து அவர் தந்தையின் கையெழுத்துகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பின்னர் வழக்கறிஞர் சொன்னபடி ஒரு தாள் எழுதினோம். ‘இப்பாதையில் பள்ளிக்கு எவ்வகைப் பாத்தியமும் இல்லை, உடையவரின் அனுமதியால் மட்டுமே பிள்ளைகள் நடக்கிறார்கள்’ என்று பள்ளி நிர்வாகத்தின் சார்பில் எழுதிக் கொடுத்தோம். நடுவே குறுக்காகச் சென்ற பாதையை விட்டுக் கிழக்கு ஓரத்தில், அவர் உழவுக்கு இடையூறு இல்லாமல், ஆறடி அகலத்தில் புதுப் பாதை ஒதுக்கினார். மறுநாள் காலை படல் இல்லை. எங்களுக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்த அந்தத் தாள்தான் வழியைத் திறந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. சட்டத்தின் கடைசிப் பாடம் ஒன்று மீதி இருக்கிறது. அதற்கு முன், வசதியுரிமை எவ்வாறு முடிகிறது என்பதையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். உரிமையுடையவர் விட்டுக்கொடுத்தால் முடியும். இரு நிலங்களும் ஒரே உடையவரிடம் முழுமையாகச் சேர்ந்தால் முடியும். 47-ஆவது பிரிவின்படி, இடையறாது 20 ஆண்டுகள் பயன்படுத்தாமலே விட்டாலும் முடியும். ஆகவே, இருபது என்னும் எண் இரு பக்கமும் வெட்டும் வாள். உரிமை இருக்கும்போது அதை எவரேனும் தடுத்தால், நாமே மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு போய்த் தடையை அகற்றலாகாது என்றும் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம்; தடை நீக்க ஆணை கேட்கலாம். ஒரு வரப்பை வெட்டப் போய் மனிதரை வெட்டி முடிந்த கதைகள் நம் ஊர்களில் குறைவா? இந்த ஒரு விதியை மட்டும் அறிந்திருந்தால் அவற்றுள் பல நிகழ்ந்திரா.

2009-ஆம் ஆண்டு ஒருநாள் அந்த நிலத்துக்காரர் பள்ளிக்கு வந்தார். மகளின் திருமணத்துக்காக நிலத்தை விற்க வேண்டிய நிலை. வாங்குபவர் வெளியூர்க்காரர்.

“ஐயா, நாம் எழுதிய தாள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று அன்றே சொன்னீர்கள். நான் விற்ற மறுநாள் அவர் படல் கட்டினால் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. அதனால் விற்பதற்கு முன்னால் நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்” என்றார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாயிற்று. கிழக்கு ஓரத்தில் ஆறடி அகல வழி, பள்ளி மனையின் பயனுக்காக, நிலையான நடைபாதைப் பாத்தியமாக அளிக்கப்பட்டது. அனுமதியாக 35 ஆண்டுகள் இருந்தது அன்று உரிமையாயிற்று. காலத்தின் ஓட்டத்தால் அன்று, ஒருவர் மனமுவந்து எழுதியதால். வழிச்சுமை ஏறிய நிலத்துக்கு விலை சற்றுக் குறைந்தே கிடைத்திருக்கும். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நிலம் விற்றாயிற்று. புதியவரின் பத்திரத்திலும் அந்த வழிப்பாத்தியம் குறிக்கப்பட்டது. உடையவர் மாறினார்; வழி மாறவில்லை.

ஆகவே, இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்துப் பெரியவர்களோடு உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். உங்கள் நிலம் எந்த நிலத்தின்மேல் நடக்கிறது, எந்த நிலம் உங்கள் நிலத்தின்மேல் நடக்கிறது என்று பாருங்கள். எழுதப்படாத வழி ஏதேனும் இருந்தால், அது உரிமையா, அனுமதியா என்று கேளுங்கள். உரிமையென்றால் எழுத்தில் நிலைநிறுத்துங்கள். அனுமதியென்றால், அதற்கு நன்றி சொல்ல மறவாதீர்கள். அந்த நன்றியையும் எழுத்தில் சொல்லுங்கள். அது உங்களுக்கு இழப்பு என்று எண்ண வேண்டாம். வழி விட்டவரின் அச்சத்தை நீக்குவது அந்த எழுத்துதான்.

நான் ஓய்வு பெறும் நாள்வரை, காலையில் பள்ளி வாயிலில் நின்று, கிழக்கு ஓரத்துப் பாதையில் பிள்ளைகள் வரிசையாக வருவதைப் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது. அவர்களுள் எவருக்கும் தாம் மிதிப்பது அயலார் நிலம் என்பது தெரியாது. தெரிய வேண்டிய வயதில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லிவிட்டேன்.